முதுகுக்கு மட்டும் வேலை: நெஞ்சைச் சாய்த்துச் செய்யும் பார்பெல் ரோ

சிங்கப்பூரில் துவாஸ் கிடங்கு ஒன்றில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவன் நான். சாயங்காலம் ஜூரோங் வெஸ்ட் ஆக்டிவ்எஸ்ஜி பொது ஜிம்முக்குப் போய் மறுபடி குனிந்து நின்று பார்பெல்லை (இரு முனையிலும் பிளேட் எனும் எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) இழுத்தால், இடுப்புதான் முதலில் கைவிரிக்கும். முதுகுக்கு வேலையே போய்ச் சேராது. அதனால் நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்து இழுப்பதே எனக்குத் தோது.

சாய்வுப் பெஞ்சை 30 முதல் 45 டிகிரிக்குள் வையுங்கள். அதற்கு மேல் நிமிர்த்தினால் இழுவை கழுத்துப் பக்கம் ஏறிவிடும். ரொம்பத் தாழ்த்தினால் கை முழுதாக நீளும் முன்பே பிளேட் தரையில் இடிக்கும். இரும்பு பிளேட் என்றால் பக்கத்துக்கு ஒரு 20 கிலோவுக்குப் பதில் இரண்டு 10 கிலோ போடுங்கள். விட்டம் சின்னது, கை இன்னும் இறங்கும்.

குப்புறப் படுக்கும்போது தாடை பெஞ்சின் விளிம்பைத் தாண்டி இருக்கட்டும். கால்களைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். தோள் அகலத்தைவிடச் சற்று அகலமாகப் பாரைப் பிடித்து, முழங்கைகளைப் பின்னால் கொண்டுபோங்கள். மணிக்கட்டை மடக்கி இழுப்பது வேலைக்கு ஆகாது. முழங்கை விலாவை ஒட்டிப் போனால் அக்குளுக்குக் கீழே உள்ள லாட்ஸ் அதிகம் உழைக்கும்; அகட்டினால் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தசையும் பின்தோளும். மேலே ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். கீழே வந்ததும் தோள்பட்டை விரிய விடுங்கள். நெஞ்சு அமுங்கியிருப்பதால் மூச்சு முட்டும். இழுக்கும்போது விட்டு, இறக்கும்போது எடுங்கள்.

ஜிம்மில் துண்டு கட்டாயம்தானே, அதை மடித்து நெஞ்செலும்புக்கு அடியில் வைத்துக்கொள்வேன். வலிக்காது. இன்னொரு லாபமும் உண்டு: துண்டு நழுவினால் நெஞ்சு எழும்பிவிட்டது, எடை அதிகம் என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு போடுகிறார் என்று பார்க்காமல் குறைத்துவிடுங்கள்.

வெறும் பாரே 20 கிலோ. அதிலேயே தொடங்கி 3 செட், ஒவ்வொன்றிலும் 10 முதல் 12 முறை, நடுவே 2 நிமிட ஓய்வு. மூன்று செட்டிலும் 12 சுத்தமாக வந்தால் பக்கத்துக்கு 1.25 கிலோ கூட்டலாம்.

பார் பெஞ்சின் அடியில் இடிப்பது இதில் ஒரு குறை. இன்னும் மேலே இழுக்க வேண்டுமென்றால் அதே பெஞ்சில் கைக்கு ஒன்றாக டம்பெல் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை விட்டு எல்லாரும் வரும் நேரத்தில் பார் கிடைக்காது, அப்போது எப்படியும் டம்பெல்தான்.