ஸ்கேல் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணா, ஒரு கட்டை இறக்கிக்கலாமா?” என்று பாடகர் கேட்பார். கீபோர்டுக்காரர் தலையாட்டுவார். கிட்டார்காரர் தனக்குத் தோன்றியபடி இறக்கிக்கொள்வார். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து ரிசப்ஷன் மேடைகளில் முதல் பல்லவி பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான். பாட்டின் ஸ்கேலை, அதாவது அடிப்படைச் சுருதியை, கட்டை எண்ணில் சொல்வது வழக்கம். ஆனால் ஒரு கட்டை என்பது எல்லா இடத்திலும் ஒரே தூரம் கிடையாது. 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கீபோர்டில் கறுப்புக் கட்டையே இல்லை. அதனால் 4-லிருந்து 3-க்கு வந்தால் ஒரு அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளி) இறங்கும். 3-லிருந்து 2-க்கு வந்தால் இரண்டு இறங்கும். எத்தனை அரைச்சுரம், மேலா கீழா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வாத்தியத்தில் கை வைக்க வேண்டும்.

அடுத்த தவறு, எழுத்தை மட்டும் நகர்த்துவது. ஒரு பாட்டு ஜி மேஜரில் இருக்கிறது. கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், ஜி, ஈ மைனர், சி, டி. இரண்டு அரைச்சுரம் இறக்கி எஃப்-க்குக் கொண்டுவர வேண்டும். அவசரத்தில் ஒவ்வொன்றுக்கும் முந்தைய எழுத்தைப் போட்டு எஃப், டி மைனர், பி, சி என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று சரி, ஒன்று தப்பு. சி-யிலிருந்து பி ஒரே ஒரு அரைச்சுரம்தான். இரண்டு இறங்கினால் வருவது பி ஃபிளாட். நம் ஆட்கள் மேடையில் ஏ ஷார்ப் என்று சொல்வார்களே, அதே கட்டை. பி மேஜர் வாசித்தால் அதற்குள் எஃப் ஷார்ப் இருக்கும். பாடகரோ எஃப்-ஐ சட்ஜமாகப் பிடித்திருப்பார். இரண்டும் மோதும்போது கேட்பவர்களுக்குப் பாடகர்தான் சுருதி தப்பிவிட்டார் என்று தோன்றும். பாவம், அவர் சரியாகத்தான் பாடுகிறார். மைனர், செவன்த் போன்ற கார்டின் குணம் எந்த ஸ்கேலுக்குப் போனாலும் மாறாது. பாஸ், அதாவது அடிச் சுரம், தனியாக எழுதிய கார்டு என்றால் அந்த பாஸ் சுரத்தையும் அதே அளவு நகர்த்த வேண்டும்; இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இதே எஃப்-க்குக் கிட்டார்காரர் 3-வது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அந்தக் கட்டத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, டி, பி மைனர், ஜி, ஏ வடிவங்களில் வாசிக்கலாம். கேப்போ சுருதியை ஏற்ற மட்டுமே செய்யும், இறக்காது. ஆகவே ஸ்கேலை இறக்க வேண்டுமானால் இன்னும் கீழே உள்ள ஸ்கேலின் வடிவத்தை எடுத்து அங்கிருந்து ஏற வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. பாஸ் கிட்டார்காரர் “என்ன ஸ்கேல்?” என்று கேட்கும்போது இவர் “டி” என்று சொல்வதுதான் சிக்கல். கீபோர்டில் டிரான்ஸ்போஸை (சுருதியை மொத்தமாக நகர்த்தும் வசதி) மைனஸ் 2-ல் வைத்துக்கொண்டு “ஜி” என்று சொல்பவரும் அதே தவறைச் செய்கிறார். கை எங்கே இருந்தாலும் வாயில் வர வேண்டியது காதில் விழும் ஸ்கேல். ஓசூர்ப் பக்கம் தமிழோடு தெலுங்கு, கன்னடப் பாட்டும் கேட்பார்கள், வரிசை நொடியில் மாறும். பாட்டு முடிந்ததும் டிரான்ஸ்போஸைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பேண்டு செட்டுக் கலைஞர்கள் சேர்ந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். டிரம்பெட்டும் பேண்டில் வழக்கமாக இருக்கும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள். இவற்றை ஊதுகிறவர் சி என்று வாசித்தால் நமக்குக் கேட்பது பி ஃபிளாட். எனவே எஃப் கேட்க வேண்டுமென்றால் அவருக்கு ஜி எழுத வேண்டும். எஃப்-ல் எழுதிய கீபோர்டுத் தாளை அப்படியே நீட்டினால் ஈ ஃபிளாட் கேட்கும். இரண்டு ஏற்ற வேண்டிய இடத்தில் திசை மாறி இரண்டு இறக்கி எழுதினால் டி ஃபிளாட் வரும். நாலு அரைச்சுரம் விலகிப் போயிற்று. ஆல்டோ சாக்ஸ் ஈ ஃபிளாட் வாத்தியம், அதற்கு எஃப் என்பது டி. இங்கே ஓர் அழகு இருக்கிறது, கவனித்தீர்களா? மைனஸ் 2-ல் வாசிக்கும் கீபோர்டுக்கும் டிரம்பெட்டுக்கும் ஜி-யில் எழுதிய ஒரே தாள் போதும். 3-வது ஃப்ரெட் கேப்போ கிட்டாரும் ஆல்டோ சாக்ஸும் டி-யில் எழுதிய ஒரே தாளைப் பார்த்து வாசிக்கலாம். எந்தப் பாட்டாக இருந்தாலும் இந்த ஜோடிகள் மாறாது. ஒத்திகையில் பாதி நேரம் இதனால் மிச்சமாகும்.

இத்தனையும் சரியாகச் செய்து, எடுத்த ஸ்கேலே தவறாக அமைந்துவிடுவதும் உண்டு. பல்லவியை மட்டும் பாடிப் பார்த்து “இது போதும்ணா” என்பார்கள். நம் பாட்டுகளில் உச்சம் பெரும்பாலும் சரணத்தில்தான் வரும். அந்த உச்ச வரியை முதலில் பாடச் சொல்லுங்கள். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போது ஒரு ஸ்தாயி (பன்னிரண்டு அரைச்சுரம்) முழுவதும் ஏற்றத் தேவையில்லை. கச்சேரிகளில் ஆண் 1 கட்டையிலும் பெண் 5 கட்டையிலும் பாடும் வழக்கமே அந்த இடைவெளிக்கு நல்ல வழிகாட்டி. நாதஸ்வரமோ புல்லாங்குழலோ உடன் இருந்தால் அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். குழலுக்கென்று ஒரு கட்டை உண்டு. வேறு கட்டைக்கு வேறு குழல் எடுக்க வேண்டும். கீபோர்டு பொத்தானை அமுக்கி மாறிக்கொள்ளும், அவரால் முடியாது.

டிசம்பர் இரவில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வாசிப்பவர்களுக்கு ஒன்று. குளிரில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சற்றுக் கீழே இறங்கும். கிட்டாரின் உலோகக் கம்பி இறுகி மேலே ஏறும். இந்தச் சிறு விலகலைக் கேட்டுவிட்டுத் தாளில்தான் ஏதோ தப்பு என்று கடைசி நேரத்தில் எழுதியதை மாற்றாதீர்கள். ஊதுகிறவர்கள் கொஞ்ச நேரம் ஊதி வாத்தியத்தைச் சூடாக்கட்டும். பிறகு எல்லோரும் கீபோர்டோடு டியூன் செய்துகொள்ளுங்கள்.