பழைய ஹார்வர்டு பட்டமளிப்புத் தாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் கட்டுரையை அனுப்பியிருந்தார். 18-ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டு கல்லூரி பட்டமளிப்பு விழாவுக்கு அச்சிட்ட தாளைப் பார்த்து எழுதியது. நான் பன்னிரண்டு வருடம் முன்பு செய்த அதே தவறு, இரண்டாம் பத்தியிலேயே இருந்தது. லத்தீனில் தடுமாறுவதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அகராதி இருந்தால் அது சரியாகிவிடும்.

முதல் பெயர் முதல் மாணவர் அல்ல

ஒரு பக்கம் மட்டும் அச்சான பெரிய தாள் அது. மேலே ஆளுநர் பெயர் பெரிய எழுத்தில், அப்புறம் பட்டம் பெறுபவர்களின் பெயர்கள், கீழே வாதத்துக்கான கூற்றுகள். மதிப்பெண் வரிசையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது ரேங்க் பட்டியலாகத்தான் தெரியும். ஆனால் அந்த வரிசையை, பையன்கள் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஆசிரியர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். அப்பாவின் அந்தஸ்துதான் முக்கியமான அளவுகோல். சாப்பாட்டு மேசை, வகுப்பு, ஊர்வலம் எல்லாவற்றிலும் அதே வரிசை. பெரிய குற்றம் செய்தவனைக் கீழே இறக்குவார்கள். மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் திரும்பக் கிடைப்பதும் உண்டு.

1755-இல் பட்டம் பெற்ற ஜான் ஆடம்ஸுக்கு 14-ஆம் இடம். அப்பா விவசாயி, தேவாலயத்தில் டீக்கன் (பாதிரியாருக்கு உதவும் பொறுப்பு). பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதியான அவரை இந்த எண்ணை வைத்து நடுத்தர மாணவர் என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முப்பது வருடத் தாள்களை எட்டு மாதம் உட்கார்ந்து அட்டவணையாக்கினேன். முதல் மூன்று பெயர்களில் பாதிரியார் ஆனவர்கள் குறைவு. 'நன்றாகப் படித்தவர்கள் தேவாலயப் பணிக்குப் போகவில்லை' என்று முடிவு எழுதினேன், அச்சிலும் வந்தது. நான் அளந்தது படிப்பை அல்ல, அப்பாவின் அந்தஸ்தை. கட்டுரை மொத்தமும் வீண். இன்றும் அதை யாராவது மேற்கோள் காட்டினால் வயிறு எரிகிறது.

பெயர்களை அகரவரிசையில் அடுக்கியது 1773-இல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய எந்தத் தாளை வைத்தும் 'முதலிடம்' என்று எழுதாதீர்கள். திறமையைத் தேடினால் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாருங்கள்.

பெயருக்கு முன்னால் நட்சத்திரம்

இது விழாத் தாளில் அல்ல, கல்லூரி தனியாக அச்சிட்ட பட்டதாரிகள் பட்டியலில் வரும். அதற்கு 'இறந்துவிட்டார்' என்று பொருள். விருது அல்ல.

தீசிஸ்

தாளின் கீழே வரும் வாதக் கூற்றுகளுக்குத்தான் இந்தப் பெயர். ஆய்வேடு அல்ல, ஒரே வரிக் கூற்று. முதுகலைக்கு ஒரு கேள்வியும் ஆம் அல்லது இல்லை என்ற விடையும். நாட்டைக் காக்க வேறு வழியில்லை என்றால் ஆட்சியாளரை எதிர்க்கலாமா என்ற கேள்விக்கு 1743-இல் சாமுவேல் ஆடம்ஸ் (பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர்களில் ஒருவர்) 'ஆம்' என்றார். தாளில் அவ்வளவுதான் இருக்கிறது. அதை வைத்து அவருடைய வாதத்தைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள்.

குலியெல்மஸும் வில்லியமும்

ஒரே ஆள். தாளில் பெயர்கள் லத்தீனில் இருக்கும், குலியெல்மஸ் என்பது வில்லியமின் லத்தீன் வடிவம்.

பிப்ரவரி தேதிகள்

1752 வரை அங்கே புத்தாண்டு மார்ச் 25. கல்லூரிக் குறிப்பில் பிப்ரவரி 1701 என்றிருந்தால் நம் கணக்கில் 1702.

எலிஹு யேல்

இது ஹார்வர்டு அல்ல, யேல் கல்லூரி பற்றிய தவறு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் என்பதால் நம் ஆட்கள் உற்சாகத்தில் அவரை யேல் கல்லூரியின் நிறுவனர் ஆக்கிவிடுகிறார்கள். கல்லூரி தொடங்கியது 1701-இல். அவர் அனுப்பிய சரக்குகளை விற்ற பணத்துக்கும், கொடுத்த புத்தகங்களுக்கும் நன்றியாக 1718-இல் அவர் பெயரை வைத்தார்கள். அந்த வருடம் நியூ ஹேவனில் பெயர் சூட்டிய விழா நடந்தபோது, கல்லூரி அந்த ஊரில் இருப்பதை ஏற்காத கூட்டம் வெதர்ஸ்ஃபீல்டில் போட்டியாக ஒரு பட்டமளிப்பு விழாவை நடத்தியது. 1718 என்று எழுதும்போது எந்த ஊர் விழா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.