ஒரே லினக்ஸில் பல டெஸ்க்டாப்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கணினியில் க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ என்ற மூன்று டெஸ்க்டாப் சூழல்களையும் ஒருசேர நிறுவலாம். எதில் வேலை செய்வது என்பதை உள்நுழையும்போது தேர்ந்தெடுத்தால் போதும். இந்த வசதியே ஒரு மயக்கத்தைத் தருகிறது. மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இயங்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால், ஒரே பயனர் கணக்கில் நுழைந்தால் எல்லாமே ஒரே ஹோம் கோப்புறையில்தான் தம் அமைப்புகளை எழுதிவைக்கின்றன.

பிளாஸ்மாவில் ஐகான்களை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிடிகே (க்னோம் செயலிகள் பயன்படுத்தும் கருவித்தொகுப்பு) செயலிகளும் அதே தோற்றத்தில் தெரியட்டும் என்று பிளாஸ்மா அந்த மாற்றத்தை ஜிடிகே அமைப்புகளிலும் எழுதும். அடுத்த முறை க்னோமில் நுழைந்தால் அங்கேயும் பிளாஸ்மாவின் ஐகான்கள் வந்து நிற்கலாம். உடனே க்னோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. வீண் வேலை! தொகுப்பை நீக்கினாலும் ஹோம் கோப்புறையில் உள்ள அமைப்புகள் அப்படியே இருக்கும். புதிய சூழலை முயன்று பார்க்கத் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள்; பாதித் தலைவலி அதோடு தீரும்.

கடவுச்சொற்கள் காணாமல் போவது இதைவிடப் பதற வைக்கும். குரோமியம் போன்ற உலாவி, சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டும் சாவியை க்னோமில் க்னோம் கீரிங் என்ற பெட்டகத்திலும் பிளாஸ்மாவில் கேவாலெட் என்ற பெட்டகத்திலும் வைக்கிறது. சூழல் மாறினால் பழைய சாவி அதன் கைக்கு எட்டாமல் போகலாம். பதற்றத்தில் உலாவியின் தரவை அழித்துவிடாதீர்கள். பழைய சூழலுக்குத் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும்.

டெபியன், உபுண்டு இரண்டிலும் பிளாஸ்மாவை நிறுவும்போது, உள்நுழைவுத் திரையை நடத்தப்போவது க்னோமோடு வரும் ஜிடிஎம்மா, பிளாஸ்மாவோடு வரும் எஸ்டிடிஎம்மா என்ற கேள்வி வரும். படிக்காமல் என்டரைத் தட்டாதீர்கள். எதைத் தேர்ந்தாலும் எல்லாச் சூழல்களுக்குள்ளும் நுழையலாம் என்பது உண்மைதான். ஆனால் க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மை நம்பியிருக்கிறது. க்னோமை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு சூழலும் தன் செயலிகளோடு வருவதால் மெனுவில் இரண்டு டெர்மினல், இரண்டு கோப்பு மேலாளர் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நீக்கும்போதுதான் நிதானம் வேண்டும். பிளாஸ்மாவின் மெட்டா தொகுப்பு, தேவையான தொகுப்புகளின் வெறும் பட்டியல்தான். அதை மட்டும் நீக்கினால், அது இழுத்துவந்த தொகுப்புகள் கணினியிலேயே தங்கிவிடும். அவற்றைத் துடைக்க, டெபியன், உபுண்டுவின் தொகுப்பு மேலாளரான ஏபிடியின் ஆட்டோரிமூவ் கட்டளை இருக்கிறது. ஆனால் அது காட்டும் பட்டியலை முழுதாகப் படிக்காமல் சம்மதம் சொன்னால், உங்களுக்கு வேண்டிய சூழலின் பகுதிகளும் சேர்ந்து போகக்கூடும். நிறுவிய நாளில் எவையெல்லாம் வந்தன என்பது ஏபிடியின் வரலாற்றுப் பதிவில் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.