சின்ன எஞ்சினை முதலில் பழக்குங்கள், அப்புறம் கை வையுங்கள்

மாடல் விமானங்களில் வரும் அரை-ஏ எஞ்சின், அதாவது கொள்ளளவு 0.049 கன அங்குலம், 0.8 சிசி. உள்ளங்கையில் அடங்கிவிடும். இதன் வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று யாராவது கேட்டால், எஞ்சின் பழகிவிட்டதா, அதாவது புதுப் பாகங்கள் ஓடித் தேய்ந்து ஒன்றோடொன்று பொருந்திவிட்டனவா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பழகியிருக்காது. பழகாத எஞ்சினில் காற்று நுழையும் துளையான வென்சுரியைப் பெரிதாக்கினாலும், சிலிண்டரின் மூடியான ஹெட்டை மாற்றினாலும், கிடைத்த பலன் எதனால் வந்தது என்று உங்களால் சொல்லவே முடியாது. ஓடஓட அதன் வேகம் தானாகவே கூடிக்கொண்டிருக்கும். அதனால் என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: சுத்தம், பழக்கம், அளவு, அப்புறம் மாற்றம்.

முதலில் உலோகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பழக்கும் முறையை முடிவு செய்வது அதுதான். மாடல் எஞ்சின்கள் பொதுவாக மூன்று வகை. இரும்பு அல்லது எஃகு பிஸ்டனை எஃகு சிலிண்டரில் தேய்த்துப் பொருத்தியவை ஒன்று. காக்ஸ் 0.049 எஞ்சின்கள் இந்த இனம். இரண்டாவது ஏபிசி: அலுமினியப் பிஸ்டன், பித்தளை சிலிண்டர், உட்சுவரில் குரோம் பூச்சு. மூன்றாவது ரிங் வைத்த பிஸ்டன். இது பெரும்பாலும் பெரிய எஞ்சின்களில்தான் வரும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஏபிசி சிலிண்டர் மேலே போகப்போகக் குறுகும். குளிர்ந்த நிலையில் புரொப்பல்லரைச் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகி, கிரீச் என்று ஒரு சத்தம் வரும். அது குறை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஓடும்போது சிலிண்டரின் மேல்பகுதி அதிகம் சூடாகி விரிந்து, குழாய் நேராகிவிடும். இந்த எஞ்சினை எரிபொருள் வழிய வழிய, குளிர்ச்சியாக ஓட்டிப் பழக்கினால் அந்த இறுக்கத்தை வீணாகத் தேய்த்துவிடுவீர்கள். கனெக்டிங் ராடுக்கும் பெரிய சுமை. ஆகவே ஏபிசியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் முடி உலர்த்தும் கருவியால் தலைப்பகுதியைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். சின்ன புரொப்பல்லர் போட்டு, முதல் ஓட்டத்திலேயே ஓரளவு சூடாக ஓட விடுங்கள்.

எஃகு பிஸ்டனுக்கு நேர் எதிரான கவனிப்பு வேண்டும். இரண்டு பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருக்கும். அவை ஒன்றையொன்று மெதுவாகத் தேய்த்து மழுங்க வேண்டும். சூடாகி, முழுக்க ஆறி, மறுபடி சூடாகும் ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நிலைக்கு வரும். எனவே ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஓட்டுவதைவிட, குறுகிய ஓட்டங்களும் நடுவில் முழுக்க ஆற விடுவதும்தான் இங்கே வேலை செய்யும்.

ஓட்டுவதற்கு முன் சுத்தம். புதிய எஞ்சினிலும் கடைசல் தூள் இருக்கலாம். பின்மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, வெள்ளைத் துணியில் வடியவிட்டுப் பாருங்கள். துணியில் மின்னும் துகள் ஒன்று தெரிந்தாலும் மறுபடி அலசுங்கள். பழைய எஞ்சின் என்றால் சிலிண்டரின் உள்சுவரில் பழுப்பு நிற வார்னிஷ் படிந்திருக்கும். விளக்கெண்ணெய் வெந்து படிந்தது அது. அசிட்டோனில் ஊறப்போட்டு மரக்குச்சியால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். இந்த அளவு எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைவு. உப்புத்தாள் ஒரே இழுப்பில் அதைக் கெடுத்துவிடும். சிலிண்டரைக் கழற்றுவதற்கும் அதற்கென உள்ள சாவியை மட்டும் பயன்படுத்துங்கள், பிளையரால் பிடித்துத் திருகாதீர்கள்.

எரிபொருளில் நான் கறாரானவன். மெத்தனால், எண்ணெய், நைட்ரோமீத்தேன், இந்த மூன்றின் கலவைதான் எல்லாம். எஃகு பிஸ்டன் எஞ்சினுக்கு எண்ணெய் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதில் குறைந்தது பாதியாவது சுத்திகரித்த விளக்கெண்ணெயாக இருக்கட்டும். பழக்கும்போது எண்ணெய் முழுவதையும் விளக்கெண்ணெயாகவே வைத்துக்கொள்வேன். செயற்கை எண்ணெய் எஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கலவை திடீரென்று லீன் ஆகி, அதாவது அதில் எரிபொருள் குறைந்து, சூடேறும் அந்தச் சில நொடிகளில் உலோகத்தைக் காப்பாற்றுவது விளக்கெண்ணெய்தான். நைட்ரோ தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டு வருவதால் அதைக் கூட்டினால் சக்தி கூடும், எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான நீடிலை இன்னும் கொஞ்சம் திறக்கவும் வேண்டியிருக்கும். அரை-ஏ எஞ்சின்கள் 15 முதல் 25 சதவீதம் வரை நைட்ரோவில் நன்றாக ஓடும்.

மெத்தனால் விஷம், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. திறந்த வெளியில், கையுறையோடு, பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

டெஸ்ட் ஸ்டாண்ட் கனமான மரத்துண்டாக இருக்கட்டும், மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். எஞ்சின் அதிர்ந்தால் டேங்கில் எரிபொருள் நுரைக்கும். நுரை எஞ்சினுக்குள் போனால் கலவை லீன் ஆகும். சமன் செய்யாத புரொப்பல்லரும் இதையேதான் செய்யும். புரொப்பல்லரை ஒரு கம்பியில் கோத்துப் பாருங்கள். எந்த இதழ் கீழே இறங்குகிறதோ அதன் பின்புறத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சமன் செய்யுங்கள். டேங்க் தனியாக இருந்தால் அதன் நடுக்கோடு நீடில் உயரத்துக்கு வரட்டும். 0.049-க்கு 5x3 அல்லது 6x3 புரொப்பல்லர் (முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்) பழக்குவதற்கு ஏற்றது. நீடில் திருகுவதும் பேட்டரி கிளிப்பைக் கழற்றுவதும் புரொப்பல்லருக்குப் பின்னால் நின்றுதான். அது சுழலும் தளத்துக்கு நேராக முகமோ கையோ வரவே கூடாது. கண்ணாடியும் கட்டாயம்.

சரி, ஓட்டம். நீடிலை மூடிவிட்டு மூன்று, நான்கு சுற்று திறங்கள். 1.5 வோல்ட் கொடுத்தால், எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கின் கம்பிச்சுருள் ஆரஞ்சு நிறத்தில் கனல வேண்டும். அந்தச் சுருள் பிளாட்டினம் கலந்தது. மெத்தனால் ஆவி பட்டதும் வினையூக்கியாக வேலை செய்து தானே கனலும். ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றியும் எஞ்சின் நிற்காததற்குக் காரணம் இதுதான். எக்ஸாஸ்ட் வாயில் இரண்டு சொட்டு எரிபொருள் விட்டுப் புரொப்பல்லரைச் சுண்டுங்கள். விரலால் வேண்டாம், ரப்பர் சுற்றிய குச்சியால் செய்யுங்கள். ரீட் வால்வு, அதாவது கலவையை உள்ளே விடும் மெல்லிய தகடு, வைத்த எஞ்சின் எந்தத் திசையிலும் ஓடும். பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தால் காற்று உங்கள் முகத்துக்கு வராது. உடனே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

எரிபொருள் அதிகமாகப் போகும்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் தீப்பிடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் போல முரடாக, தாழ்ந்த குரலில் ஓடும். இதை ஃபோர்-சைக்கிள் என்பார்கள். நீடிலை மூட மூட ஒரு கட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் பிடித்து, குரல் ஒரே தாவலில் மேலே ஏறிக் கூர்மையாகும். இந்த இரண்டு ஒலிகளையும் காது பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சந்தேகம் வந்தால் எரிபொருள் குழாயை ஒரு கணம் கிள்ளிப் பாருங்கள். வேகம் ஏறினால் ரிச் (எரிபொருள் அதிகம்), உடனே துவண்டால் ஏற்கெனவே லீன்.

எஃகு எஞ்சினுக்கு முதல் சில டேங்குகள் முழுக்க ஃபோர்-சைக்கிளிலேயே போகட்டும். ஓட்டம் ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்கள் போதும். பிறகு கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆற விடுங்கள். எக்ஸாஸ்ட்டுக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். முதலில் விழும் எண்ணெய் சாம்பல் நிறமாக, கறுத்து இருக்கும். அது தேய்ந்து வரும் உலோகம். எண்ணெய் தெளிய ஆரம்பித்ததும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்: நீடிலை மூடி ஐந்தாறு நொடி உச்சக் குரலுக்குக் கொண்டுபோய், மறுபடி திறந்து ஆற்றுவது. அந்த நொடிகளை ஓட்டத்துக்கு ஓட்டம் நீட்டிக்கொண்டே போங்கள். எஞ்சின் பழகிவிட்டது என்பதற்கு நான் நம்பும் சோதனை ஒன்றுதான். உச்சத்தில் விட்டுவிட்டு நீடிலைத் தொடாமல் நில்லுங்கள். வேகம் தானாகத் தொய்ந்தால் இன்னும் பழகவில்லை, உடனே திறந்துவிடுங்கள். தொய்வில்லாமல் டேங்க் முடியும்வரை நின்றால் பழகிவிட்டது. ஏபிசிக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. இரண்டு குரல்களுக்கும் நடுவே மாறி மாறி ஓடும் இடத்தில் வைத்து, சில குறுகிய ஓட்டங்களில் முடித்துவிடலாம்.

இப்போது சுற்றுவேகத்தை அளக்கும் டேக்கோமீட்டரை எடுங்கள். ஒளியை எண்ணும் கருவி என்றால் இரண்டு இதழுக்கு அமைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய சோக் வகை டியூப்லைட்டை நோக்கிப் பிடியுங்கள். 3,000 காட்டினால் நம்பலாம். ஒரே புரொப்பல்லர், ஒரே எரிபொருள் வைத்து ஆர்பிஎம் எழுதிக்கொள்ளுங்கள். இனி செய்யும் எந்த மாற்றத்துக்கும் இந்த எண்தான் நீதிபதி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

முதல் மாற்றம் காற்றுக் கசிவை அடைப்பது. இதை மாற்றம் என்று பலர் மதிப்பதே இல்லை, ஆனால் நான் கண்டவரை அதிகப் பலன் இங்கேதான். பின்மூடியின் கேஸ்கெட்டை மாற்றுங்கள். நீடிலின் மறை வழியாகவும் காற்று உள்ளே போகும். அதன்மேல் ஒரு துண்டு சிலிகான் குழாயை இறுக்கமாகப் போட்டால் கசிவு நிற்கும், நீடிலும் அதிர்வில் நகராது. காரணமில்லாமல் ஏறி இறங்கும் எஞ்சின்கள் பல இந்த ஒரு சின்னக் குழாயிலேயே அடங்கிவிடும். ரீட் வால்வு தகடு தன் கூட்டில் லேசாக ஆட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் கழுவுங்கள், மடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

காக்ஸ் எஞ்சினில் பிஸ்டனும் ராடும் சேரும் குழிமூட்டு நாளாக ஆகத் தளரும். ராடைப் பிடித்துப் பிஸ்டனை மேலும் கீழும் அசைத்தால் 0.1 மி.மீ. அளவு ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் போனால், அதற்கென உள்ள கருவியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். ஒரு தட்டு, ஒரு சோதனை, இப்படியே போங்கள். அதிகம் இறுகினால் மூட்டு சுழலாது.

அடுத்து கம்ப்ரஷன். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய செம்பு வளையங்களைக் கூட்டினால் குறையும், எடுத்தால் கூடும். உச்சத்தில் பொரிவது போன்ற சத்தம் வந்து பிளக்குகள் அடிக்கடி போனால் கம்ப்ரஷன் அதிகம், ஒரு வளையம் சேருங்கள். நைட்ரோவைக் கூட்டும்போதும் இதே தேவை வரும். பேட்டரியைக் கழற்றியதும் வேகம் விழுந்தால் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். வளையத்தை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்பதால் நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வென்சுரியைப் பெரிதாக்குவது அப்படி இல்லை. துளை பெரிதானால் காற்று அதிகம் போகும், ஆனால் எரிபொருளை உறிஞ்சும் இழுப்பு குறையும். விமானம் மூக்கைத் தூக்கியதும் எஞ்சின் லீன் ஆகி நின்றுவிடும். அதனால் முதலில் வாய் விளிம்பை மட்டும் உருட்டி வழவழப்பாக்கி ஆர்பிஎம் பாருங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் 0.1 மி.மீ. ஏற்றத்தில் துரப்பணத்தைக் கையால் சுற்றித் துளையிடுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமா, ரப்பர் குழாய்ப் பையில் அழுத்தத்தோடு எரிபொருள் கொடுக்கும் ஏற்பாடு தேவைப்படும். எக்ஸாஸ்ட் வாயையும், கலவை சிலிண்டருக்குள் வரும் டிரான்ஸ்ஃபர் வாயையும் அரம் வைத்து உயர்த்தும் வேலையை நான் யாருக்கும் சொல்வதில்லை. இவ்வளவு சிறிய சிலிண்டரில் திறக்கும் நேரம் ஒரு மயிரிழையில் மாறிவிடும், திரும்பவும் வராது. பிசிறு இருந்தால் மட்டும் நீக்குங்கள்.

மஃப்ளர் போடுபவர்கள் ஒன்றைப் பாருங்கள். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது எக்ஸாஸ்ட் வாயின் அடியில், பிஸ்டனின் பாவாடைக்கு (அடிவிளிம்புக்கு) கீழே ஒரு சிறு இடைவெளி தெரிகிறதா? சில எஞ்சின்களில் அந்த வழியாகக் கூடுதல் காற்றை இழுத்துக்கொள்ள வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். மஃப்ளர் இல்லாமல் அது நல்லது. மஃப்ளர் போட்டால் உள்ளே போவது புகை, சக்தி குறையும். அந்த எஞ்சினுக்கு இடைவெளி இல்லாத சிலிண்டர்தான் தீர்வு.

பறக்க விடும் முன் உச்ச ஆர்பிஎம்மைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 300 முதல் 500 வரை குறையும் அளவுக்கு நீடிலைத் திறந்து வையுங்கள். விமானத்தைக் கையில் பிடித்து மூக்கை நேராக மேலே தூக்குங்கள். வேகம் சற்று ஏறினால் சரியான இடம், துவண்டால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சினில் மிச்சமிருக்கும் எரிபொருளை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்த மிச்சம் உலோகத்தை அரிக்கும். அதனால் எக்ஸாஸ்ட்டிலும் வென்சுரியிலும் சில சொட்டு ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓட்டி முடித்தபின் துருப்பிடிக்காமல் விடும் எண்ணெய்) விட்டு, புரொப்பல்லரைப் பல சுற்று சுற்றி, பிஸ்டன் எக்ஸாஸ்ட் வாயை மூடும் இடத்தில் நிறுத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.