வடசென்னைத் தெருவில் பெண்கள் நடைக்குழு அமைப்பது எப்படி?

காலை ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் பக்கத்து வீட்டு அக்கா நமக்காக நின்றுகொண்டிருப்பார் என்று தெரிந்தால் எப்படியாவது எழுந்துவிடுகிறோம்; "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்று மருத்துவர் சொன்னதற்காக எழுபவர்கள் மிகவும் குறைவு. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் சிலரோடு நடக்கத் தொடங்கிய பிறகு நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இது ஒன்றுதான். ஆகவே குழு அமைக்க நினைப்பவர் உடற்பயிற்சியைப் பற்றிப் படிப்பதற்கு முன்பு, தெருமுனையில் தனக்காக நிற்கக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேவை உண்மையானது. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்திய ஆண்களில் சுமார் 42 விழுக்காட்டினரும் பெண்களில் சுமார் 57 விழுக்காட்டினரும் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். தெற்காசியர்களாகிய நமக்கு மற்ற பல இனத்தவரைவிடக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது நமக்கென்று வகுக்கப்பட்ட அளவு. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு வாக்கிங்" என்பவரிடம் இதைச் சொல்லலாம்.

அடுத்து வருவது "வீட்டு வேலையே போதும்" என்ற பதில். அதை மறுத்துப் பேச வேண்டாம், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குக் குடம் தூக்குவது உழைப்புதான், கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் நிற்பதும், பாத்திரம் கழுவுவதும் மூச்சு வாங்கும் வேலைகள் அல்ல. நாள் முழுவதும் நின்று கால் கடுத்தாலும் நெஞ்சுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி கிடைப்பதில்லை. இதற்கு மாறாக, விடியுமுன்னே காசிமேட்டில் மீன் கூடை சுமந்துவிட்டு வரும் பெண்ணிடம் போய் நடக்கச் சொல்வது அறிவீனம்; அவருக்குத் தேவை ஓய்வும், முதுகை நீட்டி மடக்கும் சில எளிய பயிற்சிகளும்தான்.

மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஒரே தெருவில் இருப்பவர்களாக, ஒரே நேரத்தில் வேலை முடிபவர்களாக இருக்க வேண்டும். நெருங்கிய தோழியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆள் சேர்க்க மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமும், நியாயவிலைக் கடை வரிசையும் நல்ல இடங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் உங்கள் பகுதிக்கு வருபவராக இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் செய்தி வீடு வீடாகப் போகும். யாருக்கு என்ன நோய் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது.

நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை, தெருக்குழாய் முடிவு செய்கிறது. தண்ணீர் ஐந்து மணிக்கு வரும் தெருவில் ஐந்து மணி நடைக்கு யாரும் வரமாட்டார்கள். குடங்கள் நிரம்பிய பிறகு, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதற்கு முன்பு கிடைக்கும் முப்பது நிமிடம் எது என்று நான்கு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். காலை ஒத்துவராவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்கு மிகவும் நல்லது.

தொடங்குவதற்கு உகந்த காலம் மார்கழி என்பது என் கருத்து. வெயில் இல்லை, கோலம் போடப் பெண்கள் எப்படியும் எழுகிறார்கள், கோயில் ஒலிபெருக்கி தெருவையே எழுப்பிவிடுகிறது, விடியற்காலையில் ஒரு பெண் வெளியே போனால் "எங்கே போறே?" என்று யாரும் கேட்பதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, ராயபுரத்தில் 1949-இல் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா, திருவொற்றியூரில் தியாகராஜர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள் ஆகியவை பெண்கள் தயங்காமல் நடக்கக்கூடியவை. கோயிலைச் சுற்றுவதை நடைப்பயிற்சி என்று சொல்லக்கூட வேண்டியதில்லை. வடிவுடையம்மன் பெயரைச் சொன்னால் மாமியார்களும் தடுப்பதில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச் சாலையையும் மணலிப் பக்கத்துப் பெரிய சாலைகளையும் அடியோடு தவிர்க்க வேண்டும். ரசாயன நெடி வீசும் நாளிலும் போகிப் புகை அடங்காத காலையிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பது நல்லது. பர்தா அணியும் பெண்களில் சிலர் மொட்டைமாடியை விரும்புவார்கள். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்த பிறகு அங்கே நடப்பது அவர்களுக்கு எளிது.

முதல் வாரம்தான் கடினம். எங்கள் தெருமுனை டீக்கடையைத் தாண்டும்போது பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள், "என்னக்கா, ஒலிம்பிக்ஸுக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். எங்களில் ஒருவர் நைட்டியின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் பால் வாங்கும் கூடையோடு வந்திருந்தார். கூடை கையில் இருந்ததால் அவரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நான்கு பேர் கையிலும் கூடை இருந்தது. பத்து நாளில் டீக்கடைக்கு நாங்கள் பழகிப்போனோம், கூடைகள் தாமாகவே நின்றுவிட்டன. உடையைப் பற்றி யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. புடவையோ சுடிதாரோ, கணுக்காலில் தட்டாமல் இருந்தால் போதும். ரப்பர் செருப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், அது ஈரத் தரையில் வழுக்கும். ஷூ போட வெட்கப்படுபவர் பின்வார் வைத்த செருப்பு போடலாம்.

முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டினால் ஐந்தாவது வாரத்தில் அரை மணி நேரம் ஆகிவிடும். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் குறைந்த அளவாகச் சொல்லும் 150 நிமிடம் கிடைக்கும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கு ஒன்றுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; வேகத்துக்கு இதுவே அளவுகோல். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும் பத்துப் பத்து முறை செய்தால் தசைக்கும் வேலை கிடைக்கும். வேகமாக நடப்பவரை முன்னால் விடாதீர்கள். மெதுவாக நடப்பவர் முன்னே போகட்டும், இல்லையேல் இரண்டாவது வாரமே அவர் வரமாட்டார்.

வராதவரை என்ன செய்வது என்பதில்தான் குழு நிலைப்பதும் கலைவதும் இருக்கிறது. எல்லோரும் எல்லோரையும் கூப்பிடும் ஏற்பாடு நடக்காது. இருவர் இருவராகப் பிரிந்து, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு தன் ஜோடிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். இரண்டு நாள் வராவிட்டால் ஜோடி மட்டும் மாலையில் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், "ஏன் வரலை?" என்று கேட்காமல் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதைவிடக் குரல் பதிவு அனுப்புவது பலருக்கு வசதி. போன் கணவரிடம் இருக்கும் வீடுகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். எடையைக் கூட்டத்தில் கேட்பதையும் ஒப்பிடுவதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

சீட்டுப் பிடிப்பது நடைக்குழுவுக்குள் வரவே கூடாது. எங்கள் முதல் குழு அப்படித்தான் கலைந்தது. ஒருவர் இரண்டு தவணை கட்டவில்லை, கடன்காரியைப் போல நிற்க வேண்டியிருந்ததால் தெருமுனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார், அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எடை குறைக்கும் பவுடர் விற்க வருபவரையும் இதே காரணத்துக்காக அன்போடு திருப்பி அனுப்புங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவரும் சில மாத்திரைகளை உண்பவரும் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கைநடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால் உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் முந்தானையில் சர்க்கரைப் பொட்டலம் முடிந்துகொள்ளட்டும். நெஞ்சில் அழுத்தம் என்றால் 108-ஐ அழைக்க வேண்டும், வீடு வரை நடத்திக்கொண்டு போகக் கூடாது. கொஞ்சம் நடந்தாலே தலைசுற்றி மூச்சு வாங்குபவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை உண்டு. வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது: இருமினாலும் வேகமாக நடந்தாலும் சிறுநீர் கசிவதால் வராதவர்கள் பலர். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வரும் தொல்லை இது, இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பெரும்பாலும் குறையும் என்று குழுவில் மூத்தவர் ஒருவர் தானாக முன்வந்து பேசினால், மற்றவர்களின் வாய் திறக்கும். கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து நடக்கும் பாதையை அமைப்பதும் இவர்களுக்காகத்தான்.

கத்திரி வெயில் காலத்தில் ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், குடியிருப்பு வாரிய வீடுகளின் மாடிப்படியே போதும்; மூட்டு வலி உள்ளவர் மட்டும் படியேறாமல் வராந்தாவில் நடக்கட்டும். பத்துப் பேரைத் தாண்டினால் குழுவைத் தெருவாரியாக இரண்டாகப் பிரித்து, புதிய குழுவின் பொறுப்பை நன்றாகப் பேசுபவரிடம் கொடுக்காமல், தினமும் தெருமுனைக்கு முதலில் வந்து நிற்பவரிடம் கொடுங்கள்.