70 வயதில் மோட்டார்ஹோம்: லைசென்ஸைப் புதுப்பிக்கும் முன் வண்டி எடையைப் பாருங்கள்

பிரிட்டனில் கார் லைசென்ஸ் 70 வயதோடு முடிகிறது. அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கார் மட்டும் ஓட்டுபவர் இணையத்தில் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம், கட்டணமும் இல்லை. மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, வைத்திருப்பவர் மட்டும் அவசரப்படக் கூடாது. அப்படிப் புதுப்பித்தால் பெரிய வண்டி ஓட்டும் உரிமை சத்தமில்லாமல் கழன்றுவிடும். 80களில் இலங்கையிலிருந்து வந்து இங்கே டெஸ்ட் பாஸ் செய்த நம்மவர்கள் பலரும் இந்த வயதை நெருங்குவதால் இதை எழுதுகிறேன்.

படி 1: லைசென்ஸ் அட்டையின் பின்பக்கம்

வகைகளின் பட்டியலில் சிறிய லாரிப் படத்தோடு ‘சி1’ என்று ஒரு வரி இருக்கிறதா, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். 1997 ஜனவரி 1-க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்குப் பொதுவாக இது இருக்கும். 7,500 கிலோ வரை ஓட்டலாம். அதற்குப் பின் பாஸ் செய்து, தனி டெஸ்ட் எதுவும் எழுதாதவர்களுக்குச் சாதாரணக் கார் வகையான ‘பி’ மட்டும்தான். பெட்ரோல், டீசல் வண்டி என்றால் 3,500 கிலோவோடு சரி.

படி 2: வண்டியின் தகடு

பானெட்டுக்குள்ளோ கதவு நிலையிலோ ஒரு சிறு தகடு இருக்கும். அதில் வரிசையாக நான்கு எடைகள். முதலாவது, சுமையோடு வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை. லைசென்ஸுக்குக் கணக்கு இதுதான். வண்டி காலியாக நின்றாலும் தகட்டில் 3,850 என்றிருந்தால் சி1 வேண்டும். இரண்டாவது, டிரெய்லரையும் சேர்த்த எடை. கடைசி இரண்டும் முன், பின் அச்சுகளுக்கு உரியவை.

படி 3: எடைமேடை

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். 3,500 கிலோ வண்டி ஒன்று ஓட்டுநரோடும் எரிபொருளோடும் 3,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 450. மனைவி 65, தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ, வெளிப்பந்தல் 30, இரண்டு மின்சைக்கிளும் தாங்கியும் 60, கூடுதல் பேட்டரி 25, துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் 120. ஆக 400 போயிற்று. மிஞ்சுவது 50 கிலோதான், பேரப்பிள்ளை ஒருவரை ஏற்றினாலே அதுவும் தீர்ந்துவிடலாம்! பயணம் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பொது எடைமேடைக்குப் போய், மொத்த எடையோடு இரண்டு அச்சுகளையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மிஞ்சினால் அதுவும் குற்றமே.

படி 4: எந்த வழி?

தகட்டில் 3,500 அல்லது அதற்குக் கீழ் இருந்து, எடைமேடையும் அதற்குள் காட்டினால் ‘பி’ போதும். தகட்டில் கூடுதலாக இருந்தும் நிஜ எடை 3,500-க்கு நன்றாகக் கீழே நின்றால், தகட்டு எடையைக் குறைத்துப் பதிவு செய்யலாம். பெரும்பாலும் வண்டியில் கை வைக்காமல் காகிதத்திலேயே முடிகிற மாற்றம் இது. புதுத் தகடு ஒட்டி, பதிவுச் சான்றிதழையும் திருத்த வேண்டும். ஆனால் 3,850-ஐ 3,500 ஆக்கினால் 350 கிலோ சுமையை இழக்கிறீர்கள். நெருக்கிப் பிடித்த கணக்கு என்றால் இந்த வழி வேண்டாம், சி1-ஐக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

படி 5: சி1-ஐத் தக்கவைக்க

லைசென்ஸ் வழங்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ-யிடம் டி2 விண்ணப்பமும் டி4 மருத்துவப் படிவமும் வாங்குங்கள். டி4-ஐ மருத்துவர் உங்களைப் பரிசோதித்து நிரப்ப வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவர்தான் என்றில்லை, பதிவு பெற்ற வேறு மருத்துவரும் செய்யலாம். கட்டணம் உங்களுடையது, ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். கண் பகுதியைக் கண்ணாடிக் கடையில் உள்ள ஆப்டீஷியனும் நிரப்பலாம். கார் லைசென்ஸைவிடப் பார்வை விதி இதில் கடுமையானது என்பதால் முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதில் தேறாவிட்டால் மருத்துவருக்குக் கொடுக்கும் பணமாவது மிஞ்சும்.

டி2, டி4 இரண்டையும் தபாலில், 70-ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பே அனுப்பிவிடுங்கள். புது அட்டை வரத் தாமதமானால், 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு சில நிபந்தனைகளோடு அதுவரை ஓட்ட அனுமதிக்கிறது. ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது.