பத்து ஃபேக்டோரியல் ஏன் 0 ஆனது? சி-யிலிருந்து பைத்தானுக்குப் பெரிய எண்களை அனுப்பும் முறை

எத்தனை இலக்க எண்ணையும் கையாளும் ஜிஎம்பி நூலகத்தை வைத்து சி-யில் ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றின் பெருக்கல்) அட்டவணை ஒன்று போட்டேன். கணக்கு நொடியில் முடிந்தது. அதைப் பைத்தானுக்குக் கொண்டுவரத்தான் இரண்டு இரவுகள் போயின. 1 முதல் 9 வரை விடை சரி. 10-லிருந்து வந்ததெல்லாம் 0. பிழைச்செய்தியும் இல்லை, நிரல் நொறுங்கவும் இல்லை.

சி, பைத்தான் இரண்டும் ஓரளவு தெரியும், ஷேர்டு லைப்ரரி கம்பைல் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முழு நிரலை ஒட்டப்போவதில்லை. ஒட்டினால் நகலெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள், அடுத்த வாரம் அதே குழியில் விழுவீர்கள்.

சாதாரண 64 பிட் அர்ரே போதாதா? 20 ஃபேக்டோரியல் வரை போதும். அதற்கடுத்தது 51090942171709440000, 64 பிட்டில் அடங்காது. பைத்தானின் கணித நூலகமான நம்பையில் 64 பிட் முழு எண்ணாகப் பெருக்கிப் பாருங்கள், -4249290049419214848 என்று கூச்சமில்லாமல் காட்டும்.

படி 1: பொதுவான வடிவம்

ஜிஎம்பி-யின் 'எம்பிஇசட்' (அதன் பெரிய முழு எண் வகை) அர்ரேயை அப்படியே பைத்தானிடம் நீட்டலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 64 பிட் லினக்ஸில் ஒரு எம்பிஇசட் என்பது வெறும் 16 பைட்: ஒதுக்கிய இடம் எவ்வளவு, பயன்பட்டது எவ்வளவு என்று இரண்டு எண்கள், பிறகு ஒரு பாயிண்டர். உண்மையான இலக்கங்கள் வேறெங்கோ இருக்கின்றன. அர்ரேயை நகலெடுத்தால் வீட்டு முகவரிகள்தான் வரும், வீடு வராது. முகவரியைப் பிடித்துப் போய்ப் பார்த்தாலும் அங்கே 64 பிட் துண்டுகள். பைத்தானோ தன் எண்களை 30 பிட் துண்டுகளாக வைத்திருக்கிறது. ஆக இரண்டுக்கும் பொதுவானது பைட் மட்டுமே.

நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: எல்லா எண்களின் பைட்டுகளும் இடைவெளியில்லாமல் ஒரே நீளப் பெட்டியில். பக்கத்தில் 64 பிட் அர்ரே ஒன்று, ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை பைட் என்று. எண் எதிர்மமானால் அந்த நீளத்துக்குக் கழித்தல் குறி போட்டுவிடுவேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, ஜிஎம்பி தன் உள்ளமைப்பில் குறியை வைத்திருப்பதே இப்படித்தான்.

படி 2: சி பக்கம்

முதல் சுற்றில் ஒவ்வொரு எண்ணுக்கும் 'எம்பிஇசட் சைஸ்-இன்-பேஸ்' அழைத்து, அடிமானம் 2 கொடுத்து, எத்தனை பிட் என்று கேளுங்கள். 7 கூட்டி 8-ஆல் வகுத்தால் பைட். மொத்தத்துக்கும் ஒரே ஒரு 'மேலாக்'. இரண்டாம் சுற்றில் 'எம்பிஇசட் எக்ஸ்போர்ட்': வரிசை -1 (சிறிய பைட் முதலில்), அளவு 1, மற்ற இரண்டும் 0. எழுதும் இடத்தை நீங்களே கொடுங்கள். 'நல்' (வெற்றுப் பாயிண்டர்) கொடுத்தால் அதுவே நினைவகம் ஒதுக்கும், பிறகு அதை யார் விடுவிப்பது என்ற வழக்கு தொடங்கும். இது குறியைக் கண்டுகொள்ளாது, ஆகவே கழித்தல் குறி உங்கள் பொறுப்பு.

படி 3: பைத்தானில் அறிவிப்பு

சி நூலகத்தைப் பைத்தானிலிருந்து அழைக்க சிஎஃப்எஃப்ஐ, சைத்தான், பைபைண்ட் என்று பல வழிகள் உண்டு. இந்த அளவு வேலைக்கு பைத்தானோடு வரும் சிடைப்ஸே போதும் என்பது என் கட்சி. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். சி++ வகுப்புகள் நிறைய இருந்தால் பைபைண்ட் பக்கம் போங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

சிடைப்ஸின் ஒரு குணத்தை மட்டும் மறக்காதீர்கள். திரும்பி வருவது என்ன வகை என்று 'ரெஸ்டைப்'பில் சொல்லாவிட்டால் அது சாதாரண 'இன்ட்' என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்படும், அடுத்த வரியில் செக்மென்டேஷன் ஃபால்ட்.

படி 4: படிப்பது. இங்கேதான் நான் விழுந்தேன்

முகவரி வெட்டுப்படாமல் இருக்க ரெஸ்டைப்பை 'சி-சார்-பி' என்று போட்டேன். பைட் பாயிண்டர்தானே, பொருத்தம் என்று நினைப்பு. ஆனால் சிடைப்ஸ் அதைச் சி மொழிச் சரமாகப் பார்க்கிறது: முதல் 0 பைட் வரும்வரை படித்து, பைத்தான் பைட்ஸாக மாற்றிக் கையில் கொடுத்துவிடும்.

10 ஃபேக்டோரியல் 3628800. சிறிய பைட் முதலில் என்று எழுதினால் 0, 95, 55. முதல் பைட்டே 0! சரம் அங்கேயே முடிந்தது, எனக்குக் கிடைத்தது வெற்றுச் சரம், அதன் மதிப்பு 0. 9 வரை ஏன் சரியாக வந்தது? 256-ஆல் வகுபடும் முதல் ஃபேக்டோரியல் 10-தான், அதற்கு முந்தையவற்றில் 0 பைட் எங்குமே இல்லை. 1 முதல் 5 வரை மட்டும் சோதித்துவிட்டு 'ஓடுது' என்று எழுந்துபோயிருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பைட்ஸாக மாறியபின் மூல முகவரி உங்களிடம் இல்லை, நினைவகத்தை விடுவிக்கவும் வழியில்லை.

தீர்வு: ரெஸ்டைப்பை 'சி-வாய்ட்-பி' ஆக்குங்கள். முகவரி வெறும் எண்ணாக வரும். பிறகு 'ஸ்ட்ரிங்-அட்' செயற்கூற்றுக்கு அந்த முகவரியையும் மொத்த நீளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நீளம் கொடுத்தால் 0 பைட்டைக் கண்டு நிற்காது. நகல் கைக்கு வந்ததும் மூலத்தை விடுவித்துவிடலாம். விடுவிக்க உங்கள் நூலகத்திலேயே ஒரு சிறு செயற்கூறு எழுதிவையுங்கள். பைத்தானிலிருந்து நேராக 'ஃப்ரீ' தேடி அழைத்தால், விண்டோஸில் ஒதுக்கியது ஒரு ரன்டைம், விடுவிப்பது வேறொன்று என்று ஆகலாம்.

பிறகு நீள அர்ரேயைச் சுற்றிவந்து, பெட்டியை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் 'ஃப்ரம்-பைட்ஸ்'க்குக் கொடுங்கள். 'லிட்டில்' (சிறிய பைட் முதலில்) என்று எழுத மறக்காதீர்கள். பைத்தான் 3.11 முதல் அதை விட்டாலும் பிழை காட்டாது, 'பிக்' (பெரிய பைட் முதலில்) என்று எடுத்துக்கொள்ளும். அப்படிப் படித்தால் 10 ஃபேக்டோரியல் 24375 ஆகிவிடும்.

படி 5: திரும்பும் வழி

பைத்தானிலிருந்து சி-க்கு: குறியை நீக்கிவிட்டு 'பிட்-லெங்த்' பார்த்து, அதே கணக்கில் 'டு-பைட்ஸ்', எல்லாவற்றையும் ஒட்டி அனுப்புங்கள். அங்கே 'எம்பிஇசட் இம்போர்ட்', நீளம் எதிர்மமானால் 'எம்பிஇசட் நெக்'. அந்த முகவரியைச் சி பக்கம் சேமித்துவைக்காதீர்கள். அழைப்பு முடிந்தபின் பைத்தான் அந்தப் பெட்டியைக் குப்பையில் போடலாம்.

பின்சேர்க்கை: அர்ரேயில் 0 இருந்தால் குப்பை எண் வருகிறது என்று ஒருவர் பின்னூட்டத்தில் சொன்னார். சரிதான், என் தவறு. 0-க்கு சைஸ்-இன்-பேஸ் 1 என்கிறது, எக்ஸ்போர்ட்டோ ஒரு பைட்டும் எழுதுவதில்லை. மேலாக் தந்த பழைய குப்பை அங்கே அப்படியே கிடக்கும். முதல் சுற்றின் கணக்கை நீளமாக வைக்காமல், எக்ஸ்போர்ட் எழுதித் தரும் எண்ணிக்கையையே வையுங்கள். 0-க்கு நீளம் 0 ஆகும், வெற்றுத் துண்டை ஃப்ரம்-பைட்ஸ் 0 என்றே படிக்கும்.

இன்னொன்று: 'இவ்வளவு எதற்கு, பத்தடிமானச் சரமாக அனுப்பினால் ஆகாதா?' என்று கேட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து எண் என்றால் தாராளமாக. ஆனால் 3.11 முதல் பைத்தான் 4300 இலக்கத்துக்கு மேல் சரத்திலிருந்து எண்ணாக மாற்ற மறுக்கிறது. சேவை முடக்கத் தாக்குதலைத் தடுக்க வந்த வரம்பு அது, பழைய பதிப்புகளின் திருத்தங்களிலும் சேர்ந்துவிட்டது. சரமாகத்தான் அனுப்புவேன் என்றால் பதினாறடிமானத்தில் அனுப்புங்கள். 2-இன் அடுக்குகளான அடிமானங்களுக்கு அந்த வரம்பு இல்லை, மாற்றமும் வேகம்.